பொய்க் குரவை

1

"கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் இரத்த சொந்தமா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி வடிவும் இல்லை என்றாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அது விளங்கும். பங்காளி என்றால் இரத்தம். சித்தப்பா மகள் என்றால் தங்கை. வடிவு என் தாய்மாமன் மகள். மாமன் மகளை யாராவது இரத்த சொந்தம் என்பார்களா? அவள் முறைப்பெண். அவளுக்கு நான், எனக்கு அவள் என்று இரண்டு வீட்டிலும் பேசிப் பேசியே எங்களை வளர்த்தார்கள்.

இடம், மெல்பர்னில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி. கேள்வி கேட்ட பெண்ணின் வேலைக்கு மரபணு ஆலோசகர் என்று பெயர். வயது முப்பதுகூட இருக்காது. எங்களுக்கு எதிரே எங்கள் ஒரே மகள் பகவதி, அவளை ஒட்டி மருமகன் நிக்கோஸ். பகவதி கர்ப்பமாக இருந்தாள். அதனால்தான் நாங்கள் நால்வரும் அங்கே இருந்தோம்.

ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்துகொண்டே போனாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். என் அம்மாவுக்கு ஒரு வட்டம். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் உண்டா என்றாள். ஒரு தம்பி என்று மாமாவின் பெயரைச் சொன்னேன். ஒரு கட்டம் போட்டு எழுதினாள். பிறகு வடிவின் பக்கம் திரும்பி, "உங்கள் அப்பா பெயர்?" என்றாள். வடிவு சொன்னாள். பென்சில் நின்றது.

"இரண்டு பேருக்கும் ஒரே பெயரா?"

"பெயர் மட்டும் இல்லை. ஆளும் ஒரே ஆள்தான்" என்றேன்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். எனக்கும் வடிவுக்கும் நடுவில் போட்டிருந்த ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அந்தப் படத்தில் இரட்டைக் கோடாம். நிக்கோஸ் எட்டிப் பார்த்தான். பகவதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அவங்க கேட்டது இதத்தான்."

"அது சொந்தம் இல்ல மக்கா, முறை."

"முறைக்கும் ரத்தம் உண்டு அப்பா."

என் இரத்தத்தை மட்டும் எடுப்பதாக இருந்தது, வடிவுடையதும் வேண்டும் என்றாகிவிட்டது. லிஃப்டில் இறங்கும்போது வடிவு என் காதருகே சொன்னாள்: "அத்தான், இத்தன வருஷமா நர்ஸு வேல பாக்கேன். நானும் வாயத் தொறந்து இல்லன்னுல்லா சொல்லிட்டேன்."

2

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் ஊர், கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளையிலிருந்து உள்ளே போகும் பஸ் கடைசியாக நிற்கும் இடம். வடிவு நர்ஸிங் படித்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் எட்டு வயதுப் பகவதியும் வந்து சேர்ந்தோம். நான் விமானங்களில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் கிடங்கில் இருக்கிறேன். பெல்ட் நகரும், தட்டு வரும், ஒருவர் ரொட்டி வைப்பார், ஒருவர் வெண்ணெய் வைப்பார், நான் கரண்டியும் முள்ளும் சுற்றிய பொட்டலத்தை வைப்பேன். "அத்தானுக்கு மெயின் வேல கவலப்படுகது. தட்டு அடுக்குகது சைடு" என்று வடிவு விருந்தாளிகளிடம் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் அது உண்மை.

பகவதி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே 'பேகி' ஆகிவிட்டாள். வாயில் சாக்கு மூட்டை போல ஒரு பெயர். அதில் தொடங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாக விலகிப் போனது. புட்டும் பயறும் பிடிக்காமல் போனது. என்னிடம் பேசுகிற பேச்சு குறைந்து, அம்மாவிடம் சொல்லி அனுப்புகிற பேச்சானது. நிக்கோஸைக் கட்டப் போகிறேன் என்பதையும் அம்மாவிடம்தான் சொல்லி அனுப்பினாள். நிக்கோஸுடையது, அவன் அப்பாவைப் பெற்றவர்கள் காலத்தில் கிரேக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வடிவிடம் சொன்னேன்: "ஒண்ணு நல்லதுட்டி. நம்மள மாதிரி சொந்தத்துக்குள்ள கெட்டல. பொறக்க பிள்ளைக்கு ஒரு தீனமோ சீக்கோ வராது."

அந்தச் சமாதானம் இந்த வருடம் உடைந்தது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பகவதியின் சிவப்பணுக்கள் சின்னதாக இருந்தன. இரும்புச்சத்து குறைவில்லை. மேலும் பார்த்துவிட்டு, தாலசீமியா என்கிற குறையைச் சுமக்கிறவள் என்றார்கள். சுமக்கிறவர்களுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை, கொஞ்சம் வெளிறி இருப்பார்கள், அவ்வளவுதான். உடனே நிக்கோஸுக்கும் பார்த்தார்கள். அவனும் சுமக்கிறான்.

கணக்கு எளிது, என் படிப்புக்கே விளங்கியது. பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். இரண்டும் கெட்டதாக வந்துவிட்டால் அந்த உடம்பால் தனக்கு வேண்டிய இரத்தத்தை உண்டாக்க முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை அடுத்தவர் இரத்தத்தை ஏற்றியே வாழ வேண்டும். நாலில் ஒரு பங்கு அப்படி ஆகலாம். நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்து முன்கூட்டியே பார்த்துவிடலாம். "பார்த்த பிறகு என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு" என்று ஆலோசகர் பகவதியிடம் மெதுவாகச் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குளிக்கும்போது இருந்தது, பெல்ட் முன்னால் நிற்கும்போது இருந்தது. பகவதிக்கு முன்பு ஒருமுறை கரு தங்காமல் போயிருக்கிறது. இது தங்கியது. தங்கிய பிறகு இப்படி ஒரு முடிவை அவள் கையில் கொடுத்தால் என் மகள் என்ன ஆவாள்?

3

இனி ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் நாகர்கோவிலில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. முதலாளியை அண்ணன் என்றே கூப்பிடுவோம். தோவாளைப் பக்கத்து வயற்காட்டு ஊர்களிலிருந்து முட்டம், கடியப்பட்டணம் கடற்கரை வரைக்கும் அண்ணனின் கேமரா போகும்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. மாஸ்டரைத் தொடக் கூடாது. கேமராவிலிருந்து வருகிற கேசட்தான் மாஸ்டர். அதை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்துவிடுவார். ஒரே ஒருமுறை ஓட்டி முழுசாக ஒரு காப்பி எடுப்போம். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அந்தக் காப்பியை வைத்துத்தான். கேமராவை அணைக்க மறந்து நடந்த பையனின் செருப்பு, சாம்பார் வாளிக்குப் பின்னால் நடந்த சண்டை, வாயைத் திறந்து தூங்கும் பெரியப்பா எல்லாம் போக வேண்டும். தாலி கட்டும் மறுவீடும் இருக்க வேண்டும். இரண்டு வீடியோ டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் மற்றதில் பிடிப்போம்.

ஒரே மாஸ்டரிலிருந்து மூன்று தினுசு கேசட் போகும். பெண் வீட்டுக் கேசட்டில் பெண் வீட்டார் முகம் அதிகம். மாப்பிள்ளை வீட்டுக் கேசட்டில் அவர்கள் முகம். மூன்றாவது, வளைகுடாவில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட அண்ணனுக்கோ தம்பிக்கோ. அதில் பந்தி நீளமாக இருக்க வேண்டும். யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று அவன் அங்கே இருந்து ஒவ்வொரு இலையாகப் பார்ப்பான்.

எங்கே வெட்டுவது என்பதற்கு அண்ணன் திரையைப் பார்க்க மாட்டார். காதுதான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிடுவார்கள். அந்தக் குரவை கேட்டால் விரல் பொத்தானில் விழ வேண்டும். கடற்கரைக் கல்யாணம் என்றால் மாதா கோயில் மணி.

இதில் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மேளம் ஓங்கிவிட்டால் குரவை அமுங்கிப்போகும். காது அதைத் தவறவிட்டு, கொஞ்சம் தள்ளி அதைப் போலவே கேட்கிற வேறொரு சத்தத்தில் வெட்டிவிடும். இன்னொன்று இதைவிட மோசம். ஒரு கல்யாணத்தில் பந்தியில் பாயாசம் வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி கேலிக்குக் குரவையிட்டாள். அண்ணன் அந்தச் சத்தத்தைத் தாலி என்று நம்பி அங்கே கொண்டுபோய் ஒட்டிவிட்டார். மறுநாள் பெண்ணின் அப்பா கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"ஓய், எம் மவ கழுத்துல ஒருத்தன் தாலி கெட்டினாம்லா, அவன எங்க?"

"கேசட்ல இல்லன்னா கெட்டலன்னு ஆயிருமா அண்ணாச்சி?"

"நீரு இத எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லும். மாலய மாத்துகான், அடுத்தால பாயாச வாளி வருகு. மாப்பிள்ள வாளிக்கா தாலி கெட்டினான்?"

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து அலமாரியைத் தட்டிக் காட்டினார். "மாஸ்டர் இருக்கு அண்ணாச்சி. தாலி பத்திரமா உள்ள இருக்கு. சாயங்காலம் வாரும், தாறேன்."

அந்தப் பாயாசச் சத்தத்துக்கு அண்ணன் வைத்த பெயர்தான் பொய்க் குரவை. அதற்குப் பிறகு யார் தப்பாக வெட்டினாலும் எங்களுக்குள் அதுதான் பேச்சு.

4

அன்று அந்த மூன்றாம் மாடி அறையில், ஆலோசகர் விளக்கியதை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டிய வேலை பகவதியின் தலையில் விழுந்தது. அவள் எட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவள். அவளுடைய தமிழும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. வங்கியில் பெரிய வேலை பார்க்கிற, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண், எட்டு வயதுப் பிள்ளையின் சொற்களைக் கொண்டு தன் இரத்தத்தின் கதையை எனக்குச் சொல்லத் தொடங்கினாள். கொஞ்சம் தடுமாறிவிட்டு நிறுத்தினாள். பிறகு, "அப்பா, நம்ம ஊர் வீட்டுல கட்டிலுக்கு அடியில கேசட் பெட்டி கெடக்கும்லா?" என்றாள்.

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"மாஸ்டர் மாதிரி டி.என்.ஏ. செல்லுக்கு உள்ள ஒரு ரூம் இருக்கு. மாஸ்டர் அத விட்டு வெளிய வராது."

"அலமாரி."

"ஆமா, அலமாரி. ரத்தத்துக்குச் செவப்பு குடுக்க ஒரு சாமானம் செய்யணும்னா, அந்த எடத்த மட்டும் காப்பி எடுக்கும். காப்பி பேரு ஆர்.என்.ஏ."

"முழுசாவா எடுக்கும்?"

"முழுசா. வேண்டாததும் சேத்து. பெறவுதான் வெட்டும்."

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஆலோசகர் பேச, அவள் மொழிபெயர்க்க, இடையிடையே நான் கேட்க, கொஞ்ச நேரம் அங்கே யாருக்கும் பயம் இல்லை.

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். காப்பி எடுக்கும் எந்திரம் மாஸ்டரின்மேல் ஊர்ந்துகொண்டே போகும். காப்பியின் தலை வெளியே வந்த உடனே அதற்கு ஒரு தொப்பி மாட்டிவிடும், யாரும் நுனியிலிருந்து கடித்துத் தின்றுவிடாமல் இருக்க. இதற்குள்ளேயே வெட்டுகிற கூட்டம் வந்துவிடும். அந்தக் கூட்டத்திலும் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் உண்டாம். அவைதான் வேண்டாத துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும். இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் உள்ளதைக் கழித்துவிட்டு, வேண்டியவற்றை ஒன்றோடொன்று ஒட்டும். இரத்தத்துக்கான இந்தக் காப்பியில் வேண்டியவை மூன்று துண்டு, நடுவில் வேண்டாதவை இரண்டு. கடைசியில் ஒரு நீளமான வால் சேர்ப்பார்கள். அந்த வால் நாளாக நாளாகத் தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் காப்பியின் ஆயுளும் முடிந்தது. இதெல்லாம் ஆன பிறகே காப்பி அறையைவிட்டு வெளியே போய்ப் படிக்கப்படும். ஒரே மாஸ்டரை ஒரு செல் ஒரு மாதிரியும் இன்னொரு செல் வேறு மாதிரியும் வெட்டிக்கொள்வதும் உண்டாம். வளைகுடாவுக்குப் பந்தி நீட்டின கேசட் என்று சொன்னேன். பகவதி சிரித்தாள். ஆலோசகர் என்னவென்று கேட்க, அதையும் மொழிபெயர்த்தாள்.

உவமை எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. நாங்கள் நாடாவில் கத்தரி வைத்ததில்லை, வேண்டியதை மறுபடி பிடித்தோம். செல் நிஜமாகவே வெட்டுகிறது.

பிறகு பிழைக்கு வந்தார்கள். பகவதியிடம் இருக்கும் பிழை, முதல் வேண்டாத துண்டின் தொடக்க அடையாளத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. அதனால் அடையாளம் மங்கிவிட்டது. வெட்டுகிறவர்கள் அதைத் தவறவிட்டு, அக்கம்பக்கத்தில் அதைப் போல இருக்கிற இடங்களில் வெட்டிவிடுகிறார்கள். மேளத்தில் அமுங்கிய குரவை. நிக்கோஸிடம் இருப்பது அதே துண்டின் உள்ளே கொஞ்சம் தள்ளி. அங்கேயும் ஓர் எழுத்துதான். ஆனால் அது மாறியதால், முடிவு அடையாளம் இல்லாத இடத்தில் அப்படி ஒன்று முளைத்துவிட்டது. செல் அதை நம்பி அங்கே வெட்டுகிறது. கழிய வேண்டியதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்புறம் படித்தால் எல்லாம் தாறுமாறு. அப்படிப்பட்ட காப்பிகளைச் செல்லே கண்டுபிடித்து அழித்துவிடும். அதனால் இரத்தத்துக்கு வேண்டிய சாமான் போதுவதில்லை.

"பொய்க் குரவை" என்றேன்.

"அப்படின்னா என்ன அப்பா?"

பாயாச வாளிக் கதையைச் சொன்னேன். நிக்கோஸுக்கும் ஆலோசகருக்கும் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நிக்கோஸ் தன் வயிற்றைத் தொட்டு, "என்னுடையது பாயாசமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் எனக்கு ஒன்று உறைத்துவிட்டது. அண்ணன் எழுந்துபோய் அலமாரியைத் தட்டிக் காட்டினார். மாஸ்டர் சரியாக இருந்தது, அதனால் சிரிக்க முடிந்தது. இங்கே வெட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். தப்பு அலமாரிக்குள் இருக்கிறது.

ஒவ்வொருவரிடமும் மாஸ்டர் இரண்டு உண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும் என்று ஆலோசகர் சொன்னாள். பகவதியையும் நிக்கோஸையும் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்றும் சொன்னாள். மலேரியா என்கிற கொசுக் காய்ச்சல் இருந்த பகுதிகளில், ஒரே ஒரு பிழையைச் சுமந்தவர்கள் அந்தக் காய்ச்சலில் அவ்வளவாகச் சாகவில்லையாம். அதனால்தான் இந்தப் பிழைகள் அழியாமல் கைமாறிக் கைமாறி வந்திருக்கின்றன. அந்தக் காய்ச்சல் கிரேக்கர்களின் கடலோரத்திலும் உண்டு, நம் பக்கத்திலும் உண்டு.

நிறம் வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு என்று நான் மூன்று நாள் பட்டினி கிடந்தேன். இவ்வளவு பெரிய மாஸ்டரில், ஒரே துண்டுக்குள் வந்து இரண்டு குடும்பமும் நிற்கிறது.

5

ஊசி போட்டுத் துணுக்கை எடுத்துவிட்டார்கள். "அப்பா, நீங்க கூப்பிடக் கூடாது. தெரிஞ்சதும் நானே கூப்பிடுவேன்" என்று பகவதி சொல்லிவிட்டாள். சரி என்றேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு நேராக போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஒரு எந்திரம் சொன்னது. கடைசியில் வந்த ஆள் நான் யார் என்று கேட்டான். அப்பா என்றேன். "குழந்தையின் அப்பாவா?" என்றான். இல்லை, குழந்தையின் அம்மாவுக்கு அப்பா. தகவல் பெறும் அனுமதி உள்ளவர்களில் நான் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான்.

கிடங்கில் அன்று கரண்டிப் பொட்டலம் இல்லாமல் தட்டுகள் போயின. பெல்ட்டின் கோடியில் சரிபார்க்கிற வியட்நாமியப் பெண் அவற்றை வரிசையாக எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என் மகள்..." என்று தொடங்கினேன். அவளுக்குச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. 'இரத்தம், பேபி, வெயிட்டிங்' என்று மூன்று சொல் வந்தது. அவள் கையுறையைக் கழற்றி என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

எங்கள் இரத்த முடிவு முதலில் வந்தது. பிழை என்னிடம் இருக்கிறது. வடிவிடம் இல்லை. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாத்தீங்களா, எங்க வீட்டுப் பக்கம் சுத்தம்."

"ஏட்டி, ஒங்க அப்பாவும் எங்க அம்மையும் ஒரு வயித்துல பொறந்தது."

"அத்தைகிட்ட இருந்துதான் வந்துன்னு கண்டீங்களா? மாமா வழியா வந்திருக்கும்."

"எங்க அப்பா உனக்கு என்ன செஞ்சாரு?"

"சவத்த விடுங்க. ஆருகிட்ட இருந்து வந்தா என்ன, போற எடத்துக்குப் போயாச்சு."

கேட்பதற்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வடிவு சாயா போட்டுத் தந்தாள், சீனி போட மறந்திருந்தாள். நான் அப்படியே குடித்தேன். அவளுக்கும் என்னைப் போல மனசு கிடந்து அடிக்கிற வெப்ராளம்தான், அவள் அதை வெளியே காட்ட மாட்டாள், நான் நடந்து காட்டுவேன். தெருமுனை வரை போய்த் திரும்புவேன். அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைப்பேன். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதைப் பார்ப்பதிலேயே சார்ஜ் குறையும்.

சம்பந்தியம்மா எலேனி ஒருநாள் டிராமில் வந்து இறங்கினாள். நிக்கோஸின் அம்மா, கல்யாணமாகிக் கிரேக்கக் கிராமத்திலிருந்து இங்கே வந்தவள். கையில் கீரை வைத்துச் சுட்ட அப்பம். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரத்தில் இருப்பதால் எங்களுக்குள் பேச்சில் சிரமம் கிடையாது. வடிவு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எலேனி கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் அண்ணன்" என்றாள். "கிராமத்தில். வயிறு பெரிசு. முகம் மெழுகு மாதிரி. ஏழு வயதில் போய்விட்டான். அம்மா சொன்னாள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று. இங்கே வந்த பிறகு டாக்டர் எனக்கு அந்த நோயின் பெயர் சொன்னார்."

"இப்போ மருந்து உண்டு. பிளட் ஏத்தலாம். அது வேற காலம்" என்று வடிவு நர்ஸாகச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் எலேனி. "தெரிந்தும் பயம்."

அலமாரியில் இருந்த பகவதியின் கல்யாணப் படத்தைப் பார்த்து, அவள் மூன்று தடவை 'ப்தூ ப்தூ' என்று காற்றில் துப்பினாள். கண்ணேறு கழிப்பதற்கு அவர்கள் வழக்கம். வடிவு கத்தியை வைத்துவிட்டு எழுந்து அவளும் துப்பினாள். பிறகு இருவரும் ஒன்றும் நடக்காதது போல பீன்ஸை நறுக்கினார்கள்.

அந்தப் படம் அவர்களுடைய கோயிலில் எடுத்தது. மணமக்கள் தலையில் இரண்டு பூமுடிகளை வைத்துப் பாதிரியார் மாற்றி மாற்றி வைப்பார். அந்த நேரத்தில் வடிவு, யாரும் எதிர்பார்க்காமல், குரவையிட்டுவிட்டாள். பாதிரியாரின் கை அப்படியே நின்றது. எனக்கு வேர்த்துவிட்டது. எலேனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்று முதல் எப்போது வந்தாலும் கற்றுக்கொடு என்பாள். நாக்கைச் சுழற்றுவாள், இருமல்தான் வரும். "சம்பந்திக்கு நாக்கு தடிமன்" என்று வடிவு தமிழில் சொல்வாள். எலேனி தலையாட்டுவாள்.

அன்று அவள் கற்றுக்கொடு என்று கேட்கவில்லை.

சிவப்பணுவைப் பற்றி ஆலோசகர் சொன்ன ஒன்று அந்த நாட்களில் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எலும்புக்குள் வளர்ந்து முடிக்கும் கட்டத்தில் அது தன் மாஸ்டரை அலமாரியோடு வெளியே தள்ளிவிடுமாம். மிச்சமிருக்கும் காப்பிகளை வைத்துக் கொஞ்சம் வேலை செய்யும், அதுவும் தீர்ந்த பிறகு கையில் இருப்பதை மட்டும் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் சுற்றும். புதிதாக ஒன்றும் எழுத முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. இதைக் கேட்டு எனக்கு ஏன் தூக்கம் போனது என்று கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகவதிக்கு நான் கொடுத்ததெல்லாம் காப்பியிலிருந்து எடுத்த காப்பி. அவள் பிள்ளைக்கு என்னிடமிருந்து என்ன போய்ச் சேரும்? மொழி போகாது. ஊர் போகாது. என் பெயரும் போகாது.

6

போன் வந்தபோது வடிவு முருங்கைக்கீரை வதக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது அவள் போனில். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா, அப்பா இருக்காங்களா?"

"எங்க போவாரு. எந் தலைக்கு மேலதான் நிக்காரு."

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது மக்கா."

"பிள்ளைக்கு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு நல்லது. ஒண்ணும் ஆவாது, என்ன மாதிரிதான். கேக்குதா அப்பா?"

கேட்டது. கரண்டி கீரையில் நின்றது. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள், எட்டு வயதுக் குரலில், நிதானமாக.

"எது மக்கா?"

"எதுன்னா?"

"இருக்குல்லா ஒண்ணு, அது ஆருக்குள்ளது? அவுங்களுக்கு உள்ளதா, நமக்கு உள்ளதா?"

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நம்முளது அப்பா. ஒங்களோடது" என்றாள்.

அதற்குச் சந்தோஷப்படக் கூடாது என்று தெரியும். பிழை பிழைதான். ஆனாலும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. ஒரே ஓர் எழுத்து. என் அம்மாவோ அப்பாவோ, அவர்களுக்கு முன்னால் வயலில் காய்ச்சலோடு கிடந்து சாகாமல் எழுந்த யாரோ, அங்கிருந்து அந்த எழுத்து புறப்பட்டு, எனக்குத் தெரியாமல் என்னோடு விமானம் ஏறி, இங்கே ஒரு கிரேக்கப் பெயர் வைக்கப்போகும் பிள்ளைவரை வந்துவிட்டது. ஒன்றும் போகாது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

"மக்கா, ஒண்ணு சொல்லட்டா? பிள்ள வளந்து ஆரையாவது கெட்டும்போ அந்தப் பக்கத்துக்கும் ரத்தம் பாத்துரணும். இப்பமே எங்கயாவது எழுதி வை. நான் இருப்பனோ என்னவோ."

"அப்பா, அது இப்ப என் பெருவெரல் அளவுதான் இருக்கு."

"இருக்கட்டும். வளந்துரும்லா."

"பிள்ள மொதல்ல பொறக்கட்டும் அத்தான்" என்றாள் வடிவு. அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். முகத்தையும் துடைத்தாள், அதை நான் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே குரவையிட்டாள்.

சின்னச் சமையலறை. சத்தம் பாத்திரங்களில் எல்லாம் பட்டுத் திரும்பியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் வலது கைப் பெருவிரல் தானாக அசைந்து, இல்லாத ஒரு பொத்தானைத் தேடியது.

குரவை நின்றதும் போனில் ஏதோ கரகரவென்று கேட்டது. லைன் கெட்டுவிட்டது என்று பயந்து குனிந்தேன். லைன் கெடவில்லை. மகளுக்குப் பக்கத்தில் எலேனி இருந்திருக்கிறாள். நாக்கைச் சுழற்றப் பார்க்கிறாள். வராமல் இருமுகிறாள், மறுபடி சுழற்றுகிறாள், நடுவில் அழுகிறாள். அண்ணன் கேட்டிருந்தால் பொய்க் குரவை என்று உடனே கழித்துவிட்டு மேலே ஓட்டியிருப்பார்.

நான் போனை வைக்கவில்லை. அவளுக்கு இருமல் தீர்ந்து, இன்னொரு தடவை முயன்று, அதுவும் சரியாக வராமல் முடிகிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.